பரம்பில் நான் போட்ட வட்டங்கள்

அண்ணாச்சி,

நேற்றுக் காலை ஆழ்வார்குறிச்சியில் ஓர் அங்கன்வாடிக் கட்டடத்துக்கு இடம் குறிக்கப் போயிருந்தேன். முளையடித்துக் கயிறு கட்டி முடிந்ததும் சித்தாள் ஒருத்தி சுண்ணாம்புத்தூள் மூட்டையின் தையலை இழுத்துப் பிரித்தாள். காற்று என் பக்கமாக அடித்தது. மூக்கின் உட்தோலைச் சுடும் அந்த நெடி ஏறியதும் வாய்க்குள் ரத்தம் கரித்தது. உதட்டைக் கடித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. வேப்பமரத்துக்குப் பின்னால் ஓடிக் குனிந்தேன். குடித்த காப்பி அப்படியே வெளியே வந்தது.

"வெறும் வயித்தோட வந்தீயளா, மேடம்?" என்று அந்தப் பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் கை முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். செம்பு உருண்டு போனது. அவள் அதை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

எட்டு மாதமாக நான் சுண்ணாம்பைத் தொடவில்லை, அண்ணாச்சி. இடம் குறிக்கிற வேலை வந்தால் வேறு யாரையாவது அனுப்பிவிட்டு அலுவலகத்தில் வரைபடத்தின் மேல் குனிந்துகொள்வேன். நேற்று அனுப்ப ஆள் இல்லை. இன்று விடுப்புப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் இரண்டு வரிக்கு மேல் படித்திருக்க மாட்டீர்கள். "இம்புட்டு எழுதுதியே, கை வலிக்கலையா?" என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

நம்முடைய முதல் சந்திப்பு ஒரு கொலைமுயற்சி என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பீர்கள். அது பொய்யும் இல்லை.

சீவலப்பேரிக்குக் கிழக்கே, ஆற்றின் தென்கரையில் இருந்த அந்தச் சரள்மேட்டை ஊர்க்காரர்கள் பரம்பு என்றார்கள். முள் அடர்ந்த உடைமரத்தைத் தவிர அதில் எதுவும் முளைக்காது. அங்கே வாரச்சந்தைக் கட்டடம் கட்ட ஒன்றியத்தில் முடிவானது. நான் ஒப்பந்த ஓவர்சியராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நீங்கள் ஜேசிபி ஓட்டுநர். மேட்டின் வடக்கு மூலையை நீங்கள் சமப்படுத்திக்கொண்டிருந்தபோது நான் குடையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன்.

பக்கெட்டின் பற்கள் மண்ணுக்குள் இறங்கின. உள்ளே ஏதோ விரிசல் விட்டுப் பிளந்தது. சத்தம் என் கால் வழியாகத்தான் முதலில் வந்தது, காது வழியாக அல்ல. சிவப்பான, விரல் தடிமனுள்ள ஓட்டுத்துண்டு ஒன்று மண்ணோடு எழுந்து விழுந்தது. தாழி. இறந்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்த, ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுள்ள தாழி. புத்தகங்களில் எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். உடைகிறபோதுதான் முதல்முறை நேரில் பார்த்தேன்.

நீங்கள் வண்டியை நிறுத்தவில்லை. பக்கெட்டைத் தூக்கி அதே இடத்தில் ஓங்கிப் போட்டீர்கள். அது உங்கள் ஆட்களின் வழக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் அடியில் உடைக்க வேண்டும், இரண்டாவது அடியில் நொறுக்க வேண்டும், மூன்றாவதில் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். யாரும் போனை எடுத்துப் படம் பிடிப்பதற்குள் மூன்றும் முடிய வேண்டும். தாழி வெளியே தெரிந்தால் அதிகாரிகள் வருவார்கள், வேலை நிற்கும், சுற்றிலும் யாரும் வீடு கட்ட முடியாது என்ற பயம் ஊருக்கு. வேலை நின்றால் வண்டிக்காரனை ஒப்பந்தக்காரர் இனிக் கூப்பிட மாட்டார் என்ற பயம் உங்களுக்கு.

மூன்றாவது அடி இறங்குகிற நேரத்தில் நான் போய் நடுவில் நின்றேன். யோசித்துச் செய்யவில்லை. குடை பறந்துபோனது. பக்கெட்டின் பற்கள் என் நெற்றிக்கு ஒரு சாண் மேலே வந்து நடுங்கிக்கொண்டு நின்றன. அதிலிருந்து உதிர்ந்த சரள் என் தலையிலும் கண்ணிலும் விழுந்தது.

நீங்கள் குதித்து இறங்கினீர்கள். என் தோளைப் பிடித்துத் தள்ளியதில் நான் உட்கார்ந்த இடத்தில் முள் ஏறியது.

"ஏட்டி கோட்டிக்காரி! சாவணும்னா ஆத்துல போய் விழு. எம் பக்கெட்டுல வந்து விழுந்தா நான்லா செயிலுக்குப் போவணும்!"

"நிப்பாட்டுங்க" என்றேன். "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க."

"நிப்பாட்டியாச்சு, சவமே. பொறவு எப்படி உயிரோட உக்காந்திருக்கே?"

அதற்குள் உங்கள் பார்வை என்னை விட்டு உடைந்த தாழிக்குள் போய்விட்டது. ஒரு பக்கம் சரிந்து, உள்ளே இறுகிய மண்ணும், கையளவுக் கறுப்புக் கிண்ணம் ஒன்றும், அதன் பக்கத்தில் ஒரு மண்டையோடும் தெரிந்தன. நீங்கள் முழங்காலிட்டு உட்கார்ந்தீர்கள். மண்டையோட்டில் இடது காதுக்கு மேலே விரல் நீளத்துக்கு நேரான ஒரு பிளவு இருந்தது.

"பக்கெட் பட்டிருக்கு" என்றேன்.

"பக்கெட் பட்டா இப்படி இருக்காது." பக்கத்தில் நொறுங்கிக் கிடந்த எலும்புத்துண்டு ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். உடைந்த ஓரம் தேங்காய்ச் சில்லைப் போல வெளுப்பாக இருந்தது. "இது நான் உடைச்சது. புது உடைசல் வெள்ளையாத் தெரியும். அதைப் பாரு, உள்ளுக்குள்ள வரைக்கும் மண்ணு நெறம். இவன எவனோ அரிவாளால போட்டிருக்கான்."

எத்தனை தாழி உடைத்திருந்தால் அந்த வித்தியாசம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் கட்டைவிரலால் உங்கள் இடது காதுக்கு மேலே தொட்டுக்கொண்டீர்கள்.

"எங்கண்ணனுக்கும் இங்கனதான்" என்றீர்கள்.

அன்று நீங்கள் மறுபடி வண்டியில் ஏறவில்லை. மேஸ்திரி வந்து கத்தினார். ஒப்பந்தக்காரருக்கு அவர்தான் அங்கே கண்ணும் வாயும். "என்னவே, எலும்பைப் பாத்ததும் பூச்சாண்டி பிடிச்சிட்டா? மூணு தட்டு தட்டிட்டு வேலையப் பாரும்வே." நீங்கள் எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்து, அவர் குதிகால் தரையைத் தொடாத அளவுக்குத் தூக்கி, மெதுவாகத்தான் சொன்னீர்கள்: "இது கொலைக்கேசுவே. கை வைக்காதீரும்." கொலை நடந்து எத்தனை காலமாயிற்று என்று மேஸ்திரி கேட்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றியிருக்காது.

இரண்டு நாள் கழித்து டீக்கடைப் பெஞ்சில்தான் முழுக்கதையும் சொன்னீர்கள். நட்ட நடுப்பகல். பஸ் நிறுத்தத்தில் டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. உங்கள் அண்ணன் படியில் கால் வைத்தபோது இரண்டு பேர் பின்னாலிருந்து வெட்டினார்கள். நீங்கள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தீர்கள். புத்தகப் பையோடு எதிர்ச்சாரியில் நின்று பார்த்தீர்கள். அண்ணன் விழுந்த பிறகும் வெட்டினார்கள். பஸ்ஸின் பக்கவாட்டில் ரத்தம் தெறித்து வழிந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி போய்விட்டது.

"ஒரு பஸ்ஸு சனம் பாத்துச்சு, பிள்ள. கோர்ட்டுல கேட்டா, அன்னைக்கு எல்லாவனும் கண்ண மூடிக்கிட்டுல்லா பயணம் போயிருக்கான். என்னைச் சின்னப்பய, சொந்தத் தம்பி, பொய் சொல்லுதான்னு தள்ளிட்டாவ."

பின்னால் ஒருநாள் அந்த இருவரில் ஒருவனை வயல்வரப்பில் பார்த்து அவன் பல்லையும் தாடையையும் உடைத்ததையும், அதற்காகச் சிறையில் இருந்ததையும் சொன்னீர்கள். வருத்தமாகச் சொல்லவில்லை. "தாடை உடையுத சத்தம் இருக்கே, தாழி உடையுத மாதிரியேதான்" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினீர்கள். நான் என் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். உங்களை எனக்குப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டும் கடைசிவரை குறையவில்லை.

அன்றிலிருந்து நீங்கள் பக்கெட்டைக் கரண்டி மாதிரி பிடித்தீர்கள். மேல்மண்ணை இஞ்சு இஞ்சாக வழித்து எடுத்தீர்கள். வடக்கு மூலையில் ஏழு தாழிகளின் வாய் தெரிந்தது. மண்டையோடு இருந்த தாழி ஐந்தாவது. உள்ளே இருப்பவனுக்கு நீங்கள் ஒரு பெயரும் வைக்கவில்லை. 'அவன்' என்றுதான் சொல்வீர்கள். "அவனுக்குச் சாட்சி சொல்ல ஆளு வருதா, எப்ப வருது?" என்று தினமும் என்னைக் கேட்பீர்கள். தொல்லியல் ஆட்கள் வருவதைத்தான் அப்படிக் கேட்டீர்கள்.

ஊர் நம்மோடு இல்லை. அதில் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. கருவாடு விற்கும் பேச்சியம்மாள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராகப் பரம்புக்கே வந்துவிட்டாள்.

"செத்தவனுக்கு எடம் இருக்கு. உசுரோட கருவாடு விக்குதவளுக்கு எடம் இல்லையா? மழை பேஞ்சா கூடையைத் தலையில வச்சிக்கிட்டுல்லா நிக்கேன். இந்தப் படிச்ச மூதி வந்து படம் புடிச்சிட்டுத் திரியுது. நீயும் அவ பின்னால திரியுத!"

"அத்தே, ஒனக்குக் கட்டடம் வரும். நாலு எட்டு தள்ளி வரும், அவ்வளவுதான்."

"நீ தோண்டுதவன்லே. கட்டுததப் பத்தி ஒனக்கு என்னலே தெரியும்?"

சொல்லிக்கொண்டே சரள் கட்டி ஒன்றை எடுத்து வீசினாள். உங்கள் புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நீங்கள் அதை வழித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "நல்ல குறி அத்தே. ஒன்னைத்தான் காவலுக்கு வைக்கணும்." அவள் அழுதுகொண்டே திட்டிக்கொண்டு போனாள்.

இனி நான் எழுத வேண்டியது என்னைப் பற்றி.

வெள்ளிக்கிழமை. படங்களையும் கடிதத்தையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். தொல்லியல் அலுவலகத்தில் திங்கட்கிழமை வருவதாகப் போனில் சொன்னார்கள். எங்கள் பொறியாளர் நான் நினைத்ததைவிட நல்லவராக இருந்தார். "திங்கள் வரைக்கும் வடக்கு மூலையில கை வைக்க வேண்டாம். தென்பக்கம் கழிவறைக்கு உறிஞ்சுகுழி தோண்டட்டும். நாளைக்குக் காலையில நீ போய் வட்டம் குறிச்சுக் கொடு" என்றார். மேஸ்திரியிடமும் அதையே சொன்னார். அதாவது, அண்ணாச்சி, இடம் காப்பாற்றப்பட்டுவிட்டது. நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால் போதும்.

நான் வாய்ச்சொல்லை நம்பாதவள். எதையும் கோடு போட்டு, குறித்து வைத்தால்தான் எனக்கு நிம்மதி. உங்கள் வண்டியில் எண்ணெய்க் குழாய் வெடித்து, நீங்கள் மத்தியானமே அதை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போயிருந்தீர்கள். பரம்பில் யாரும் இல்லை. பொழுது சாயும் முன் நான் தனியாகப் போய்க் கொட்டகையில் இருந்த சுண்ணாம்பு மூட்டையை எடுத்து, ஏழு தாழிகளைச் சுற்றியும் வட்டம் போட்டேன். புத்தகப் படங்களில் அகழ்ந்தெடுத்த பொருளைச் சுற்றி வெள்ளைக் கோடு இருக்கும். அந்தப் படங்கள்தான் என் மனதில் இருந்தன. அழகாகப் போட்டேன். கோணல் இல்லாமல் போட்டேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

நம் பக்கத்தில் தரையில் சுண்ணாம்பு விழுந்தால் 'இங்கே வெட்டு' என்று அர்த்தம். நேர்க்கோடு அஸ்திவாரத்துக்கு. வட்டம் உறிஞ்சுகுழிக்கு. எழுதப்படிக்கத் தெரியாத சித்தாளுக்கும் தெரியும். மூன்று வருடம் படித்துப் பட்டயம் வாங்கிய எனக்கும் தெரியும். அந்த அரைமணி நேரம் மட்டும் அது என் தலைக்குள் இல்லை.

சனிக்கிழமை என் பேருந்து தாமதம். ரோட்டில் இறங்கியதுமே இன்ஜின் சத்தம் கேட்டது. உங்கள் வண்டியின் சத்தம் இல்லை. வெளியூரிலிருந்து வேறு வண்டி, வேறு ஓட்டுநர். உறிஞ்சுகுழிக்கு வட்டம் போட்டிருக்கும், தோண்டு என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் பரம்பில் ஏறிப் பார்த்திருக்கிறான். ஏழு வட்டம் இருந்தது. தோண்டினான்.

முதல் பக்கெட்டிலேயே ஓடும் எலும்பும் வந்திருக்கும். மேஸ்திரி அங்கேதான் நின்றார். அவருக்கு இடம் தெரியும், பொறியாளர் சொன்னதும் தெரியும். அவர் நிறுத்தவில்லை. ஓவர்சியரே குறித்துக் கொடுத்த இடம் என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என நினைத்திருப்பார். நான் ஓடிவந்தபோது நான்கு வட்டங்கள் குழிகளாகியிருந்தன. சிவப்பு ஓடு, கறுப்பு ஓடு, பல் வரிசையோடு ஒரு தாடை எல்லாம் சரளோடு சரளாகக் குவிந்து கிடந்தன. உங்கள் பைக் விழுந்து சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

உங்களுக்கு அன்று வேலை இல்லை. அவனைப் பார்க்கத்தான் வந்தீர்கள்.

நீங்கள் கல்லை எடுத்து வண்டியின் முன்கண்ணாடியை உடைத்தீர்கள். கண்ணாடி ஓட்டுநர் மடியில் கொட்டியது. தடுக்க வந்த மேஸ்திரியின் வாயில் ஒரே குத்து. அவர் பற்களுக்கு நடுவிலிருந்து ரத்தம் கோடாக இழுத்தது. அவர் மண்வெட்டியைத் திருப்பிக் காம்பால் உங்கள் தோளில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வலது கை தொங்கிப் போய்விட்டது. இடது கையால் அவர் கழுத்தைப் பிடித்தீர்கள். அவர் முழங்காலால் உங்கள் வயிற்றில் இடித்தார். இருவரும் உருண்டீர்கள். நான் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கத்தினேன். கத்தியதைத் தவிர எதுவும் செய்யவில்லை. ஒரு வாரம் முன்பு பக்கெட்டின் முன்னால் போய் நின்றவளின் கால்கள் அன்று நகரவில்லை.

மேஸ்திரி உங்களை உதறிக்கொண்டு எழுந்து, ஐந்தாவது வட்டத்தைக் கைகாட்டினார். "போடுலே! எவன் வந்தாலும் போடு!"

நீங்கள் எழுந்து ஓடவில்லை. தவழ்ந்து போனீர்கள். ஒரு கையோடு, முதல் நாள் நீங்களே வெட்டிய குழிக்குள் இறங்கி, அந்தத் தாழியின் மேல் குப்புறப் படுத்தீர்கள்.

"தூக்குலே அவன, பக்கெட்டோட!" என்று மேஸ்திரி கத்தினார்.

ஓட்டுநரின் நெற்றியில் கண்ணாடி குத்தி ரத்தம் கண்ணை மறைத்திருந்தது. அவனுக்குப் பயம். எந்த லிவரை இழுத்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பக்கெட் கீழே இறங்கவில்லை, பக்கவாட்டில் வீசியது. சத்தம் கேட்டு நீங்கள் தலையையும் நெஞ்சையும் நிமிர்த்தினீர்கள். அது உங்களைச் சரள் சுவரோடு வைத்து அழுத்தியது. பிறகு இன்ஜின் நின்றது. பரம்பில் அவ்வளவு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

லோடு ஆட்டோவில் சாக்குகளின் மேல் உங்களைப் படுக்க வைத்தோம். தலை என் மடியில். மூச்சு விடும்போதெல்லாம் வாயிலிருந்து சிவப்பு நுரை வந்தது. நான் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்து, துடைக்க இடமில்லாமல் போனது.

"வட்டம்... எவன் போட்டது?" என்றீர்கள்.

"நான்தான் அண்ணாச்சி."

நீங்கள் சிரிக்க முயன்றீர்கள். அது இருமலாகி என் முகத்தில் தெறித்தது.

"சுண்ணாம்பா போடுவாவ... கோட்டிப் பிள்ள... முள்ளுல்லா வெட்டிப் போடணும்."

ஆமாம். விதை போட்ட பாத்தியில் முள் வெட்டிப் போடுவார்கள். புதுக் குழிமேட்டில் நாய் தோண்டாமல் இருக்க முள் போடுவார்கள். இதைத் தொடாதே என்று நம் ஊரில் சொல்வதற்கு முள்தான். பரம்பு நிறைய உடைமரம் நின்றது. ஆற்றுப்பாலம் வருவதற்கு முன்னால் உங்கள் மார்பு ஏறி இறங்குவது நின்றுவிட்டது. ஆட்டோக்காரரிடம் நான் சொல்லவில்லை. அவர் ஹார்ன் அடித்துக்கொண்டே போனார்.

காவல் ஆய்வாளர் கேட்டபோது மேஸ்திரி முந்திக்கொண்டார். எல்லாவற்றையும் உங்கள் மேல் போட்டுவிட்டால் மறுக்க ஆள் இல்லை என்று கணக்குப் போட்டிருப்பார். "குடிச்சிட்டு வந்தான் சார். அவனேதான் சுண்ணாம்பையும் போட்டிருக்கான். தகராறு பண்ணிட்டு அவனே குழியில போய் விழுந்தான்." ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். என் உடையில் காய்ந்திருந்த ரத்தத்தை மேலிருந்து கீழே வரை பார்த்தார். "நீங்க என்னம்மா பாத்தீங்க?"

"எனக்குத் தெரியாது. நான் வந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது."

நீங்கள் குடிப்பீர்கள். அன்று குடிக்கவில்லை. உங்கள் வாய் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ரத்த வாடையைத் தவிர வேறு வாடை இல்லை. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் வேலையை நினைத்தேன், கைவிலங்கை நினைத்தேன், வட்டம் போட்டது தெரிந்தால் உங்கள் ஊர்க்காரர்கள் என்னை என்ன செய்வார்கள் என்று நினைத்தேன். கவனக்குறைவு என்று ஓட்டுநர் மேல் மட்டும் வழக்குப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பரம்பில் நாய்கள் வந்திருக்கின்றன, ரத்தத்தை முகர்ந்துகொண்டு. பேச்சியம்மாள் வெட்டரிவாளோடு போய் உடைமரக் கிளைகளை வெட்டி, மிஞ்சிய மூன்று தாழிகளையும் மூடியிருக்கிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை வந்தவர்கள் அந்த முள்ளை விலக்கித்தான் வேலையை ஆரம்பித்தார்கள். உங்கள் 'அவன்' முழுசாக வெளியே வந்தான். தூரிகையால் மண்ணை எடுத்துக்கொண்டிருந்த பெண் மண்டையோட்டை வெகுநேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெட்டு ஆறவே இல்ல. இந்தக் காயத்தோடதான் செத்திருக்கணும்" என்று ஏட்டில் எழுதிக்கொண்டாள். அவனுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று அப்போதே உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உங்களோடு பேசுவதையே நிறுத்தியிருந்தேன், மனதுக்குள்கூட.

சந்தை நாலு எட்டுத் தள்ளித்தான் எழும்புகிறது. கூரை போட்டுவிட்டார்கள்.

நேற்று வாந்தி எடுத்த பிறகு நான் அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. அரசு வக்கீலுக்குப் போன் செய்து பேசிவிட்டு, நேராகச் சீவலப்பேரிக்குப் போனேன். உங்கள் வீட்டு வாசலில் மதினி மாட்டுக்குப் புல் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னை யார் என்று தெரிந்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுண்ணாம்பில் ஆரம்பித்து ஆய்வாளர் வரைக்கும்.

மதினி அரிவாளைக் கீழே வைத்தார்கள். எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார்கள். காது அடைத்துவிட்டது. இரண்டாவது அறையில் என் கண்ணாடி மாட்டுத் தொட்டிக்குள் போய் விழுந்தது.

"எட்டு மாசமா எம்பிள்ளையப் பள்ளிக்கூடத்துல குடிகாரன் மவன்னு கூப்பிடுதாவ. ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே வேலைக்குப் போயிருக்க, சோறு தின்னுருக்க."

"ஆமா மதினி."

"எங்கிட்ட வந்து சொல்லி என்னத்துக்கு? நான் என்ன கோர்ட்டா? எங்க சொல்லணுமோ அங்கன போய்ச் சொல்லுட்டி."

"சொல்லுதேன் மதினி. நாளன்னைக்கு அந்த டிரைவர் கேசு வாய்தா. வக்கீல்ட்ட பேசிட்டேன். சொல்லுதேன்."

"மதினின்னு கூப்பிடாத. சொல்லிட்டு வந்து கூப்பிடு."

தொட்டிக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு பக்கம் விரிசல். அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கன்னத்தில் நான்கு விரல் இன்னும் தடித்திருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

என் ஸ்கூட்டர் பெட்டியில் இப்போது ஒரு வெட்டரிவாள் இருக்கிறது, அண்ணாச்சி. எந்தப் புது இடத்துக்கு வேலை வந்தாலும், குறிக்கிறவர்கள் போவதற்கு முன்னால் நான் போய்த் தரையைப் பார்க்கிறேன். ஓட்டுத்துண்டு ஒன்று கண்ணில் பட்டாலும் கடிதம் பிறகுதான், முதலில் உடைமுள்ளை வெட்டி இழுத்துவந்து மேலே போடுகிறேன். உள்ளங்கையெல்லாம் கீறல். "வீட்டில பூனை வளக்கியா?" என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

நாளை நான் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் அதிகமில்லை. வட்டங்களைப் போட்டது நான். அவர் குடித்திருக்கவில்லை. தூக்கு என்று மேஸ்திரி சொன்னது என் காதில் விழுந்தது, பிறகு நடந்ததை நான் பார்த்தேன். முதல் வாக்கியத்துக்காக வேலை போகும் என்று வக்கீல் சொன்னார், வழக்கும் வரலாம் என்றார். மேஸ்திரியின் ஆட்கள் நீதிமன்ற வாசலில் நிற்பார்கள் என்றும் சொன்னார். நிற்கட்டும். எட்டு மாதமாக உங்கள் அண்ணன் விழுந்த அந்தப் பஸ்ஸில், ஜன்னலோரத்தில், நானும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளை இறங்கிவிடுவேன்.

இறங்கி, அங்கிருந்து சீவலப்பேரிக்குப் போக வேண்டும். வாசலில் நின்று மதினி என்று கூப்பிட வேண்டும்.